இ டிரைவ் எங்கே போனது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

களியக்காவிளையில் தொடங்கி நகரி வரை, எல்லையோர ஊர்களிலிருந்து இம்முறை வந்த கடிதங்கள் ஒரே தொல்லையைச் சுற்றியே இருக்கின்றன: ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு, மூன்று ஹார்டு டிஸ்க், அவற்றின் டிரைவ் எழுத்தில் (சி, டி, இ என்று விண்டோஸ் ஒவ்வொன்றுக்கும் கொடுக்கும் பெயர்) குழப்பம். மெனுப் பெயர்களையும் கட்டளைகளையும் ஒலிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். திரையில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். பதில்களைப் படிக்கும் முன் ஒன்று. எழுத்துத் தகராறு நடக்கும்போது விண்டோஸ் எந்த டிஸ்கையாவது ‘ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று கேட்டால் ‘கேன்சல்’ அழுத்திவிடுங்கள். எழுத்துச் சிக்கலால் யாருடைய டேட்டாவும் அழிவதில்லை. பதற்றத்தில் அழுத்தும் அந்த ஒரு பொத்தானால்தான் அழிகிறது.

கேள்வி: கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். உள்ளே ஒரு எஸ்எஸ்டி, 4 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்று. வெளியே யுஎஸ்பியில் இன்னொரு 4 டிபி. வெளி டிஸ்க் எப்போதும் ‘இ’ என்று வரும். ஆல்பம் டிசைனுக்குப் பாறசாலைக்கு அனுப்பிய டிஸ்க் திரும்பி வந்த நாளிலிருந்து அது ‘எஃப்’ ஆகிவிட்டது. படங்களைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் எல்லா ஃபோல்டரிலும் கேள்விக்குறி. படங்கள் போய்விட்டனவா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: படங்கள் அப்படியே இருக்கின்றன. நம் ஊர்களில் வீட்டு வாசலில் ‘பழைய எண் 12, புதிய எண் 45’ என்று எழுதியிருப்பார்கள் அல்லவா, டிரைவ் எழுத்தும் அப்படிப்பட்ட கதவு எண்தான். நகராட்சி எண்ணை மாற்றினாலும் வீடு இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் பழைய எண்ணை மட்டும் மனப்பாடம் செய்த தபால்காரர் தடுமாறுவார். உங்கள் லைட்ரூம் அந்தத் தபால்காரர்.

எழுத்து டிஸ்கில் எழுதப்பட்டிருப்பதில்லை. உங்கள் விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரிஜிஸ்ட்ரியில், ‘மவுண்டட் டிவைசஸ்’ என்ற பகுதியில் இருக்கிறது. டிஸ்கைப் பகுதிகளாக (பார்ட்டிஷன்களாக) பிரித்துக் குறிக்க இரண்டு முறை உண்டு. பழைய எம்பிஆர் முறை டிஸ்க் என்றால், டிஸ்கின் 4 பைட் கையொப்பத்தையும் (டிஸ்கின் அடையாள எண்) பார்ட்டிஷன் தொடங்கும் இடத்தையும் சேர்த்து ‘இதற்கு இ’ என்று குறித்துவைக்கும். புதிய ஜிபிடி முறை என்றால் பார்ட்டிஷனின் 16 பைட் அடையாள எண்ணை வைத்துக் குறிக்கும். அதனால்தான் உங்கள் கம்ப்யூட்டரில் ‘இ’ ஆக இருந்த டிஸ்க் பாறசாலைக் கம்ப்யூட்டரில் ‘ஜி’ ஆக இருந்திருக்கலாம். அதில் தவறு எதுவும் இல்லை. டிஸ்க் வெளியூரில் இருந்த நாட்களில் இங்கே ‘இ’ காலியாக இருந்தது. அந்த நேரம் யாரோ ஒரு வாடிக்கையாளரின் பென் டிரைவையோ கேமரா கார்டையோ செருகியிருப்பீர்கள், அது ‘இ’யை எடுத்துக்கொண்டது. உங்கள் டிஸ்க் திரும்பி வந்தபோது அடுத்த காலி எழுத்து கிடைத்தது.

சரிசெய்யும் முறை: லைட்ரூமை மூடுங்கள். ‘இ’யில் இப்போது இருக்கும் பென் டிரைவையோ கார்டு ரீடரையோ கழற்றுங்கள். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக், ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’. கீழ்ப் பாதியில் உங்கள் டிஸ்கைக் கண்டுபிடியுங்கள். ‘டிஸ்க் 1’, ‘டிஸ்க் 2’ என்ற எண்ணை நம்ப வேண்டாம், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அது மாறக்கூடும். கொள்ளளவையும் பெயரையும் பாருங்கள். 4 டிபி என்று விற்கப்படும் டிஸ்க் அங்கே 3726 ஜிபி சுமாருக்குத் தெரியும். கம்பெனி 1000-ஆல் பெருக்குகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. குறைந்துவிட்டதே என்று அஞ்ச வேண்டாம். உங்களிடம் ஒரே அளவில் இரண்டு டிஸ்க் இருப்பதால் பெயரும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தபின், நீலப் பட்டை உள்ள கட்டத்தில் வலது கிளிக், ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்’, ‘சேஞ்ச்’, பட்டியலில் ‘இ’, ஓகே. பட்டியலில் ‘இ’ இல்லை என்றால் வேறெதோ இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு முதலில் ‘கியூ’ போன்ற தற்காலிக எழுத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு உங்கள் டிஸ்குக்கு ‘இ’யைக் கொடுங்கள். இரண்டு டிரைவ் எழுத்துகளை நேருக்கு நேர் மாற்றிக்கொள்ள வழியில்லை. எப்போதும் நடுவில் மூன்றாவது எழுத்து ஒன்று வேண்டும்.

இப்போது லைட்ரூமைத் திறந்தால் கேள்விக்குறிகள் மறைந்துவிடும். அதற்கு முன்பாக ‘சிங்க்ரனைஸ் ஃபோல்டர்’ கொடுத்துவிடாதீர்கள். அதில் ‘காணாமல் போன படங்களைக் கேட்டலாகிலிருந்து நீக்கு’ என்ற விருப்பம் உண்டு (கேட்டலாக் என்பது லைட்ரூம் வைத்திருக்கும் படப் பட்டியல், உங்கள் திருத்தங்களும் அதில்தான் இருக்கும்). டிஸ்கில் படம் பத்திரமாகவே இருக்கும், நீங்கள் இரவெல்லாம் செய்த கலர் கரெக்‌ஷன் கேட்டலாகிலிருந்து போய்விடும்.

மறுபடி நடக்காமல் இருக்க, வேலை டிஸ்குகளுக்கு எழுத்து வரிசையின் கடைசியிலிருந்து நிரந்தர எழுத்து கொடுங்கள். புதிதாகச் செருகும் எதற்கும் விண்டோஸ் வரிசையின் முன்பக்கத்திலிருந்துதான் காலி எழுத்தைத் தேடும். ‘டபிள்யூ’, ‘எக்ஸ்’ வரை பென் டிரைவ் ஏறி வராது. நம்மவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தொலைபேசியில் ‘டி டிரைவ்’ என்றால் நான்காவது எழுத்தா, இருபதாவது எழுத்தா? ‘பி’ என்றால் இரண்டாவதா, பதினாறாவதா? எம்முக்கும் என்னுக்கும் அதே கதை. ஆர், டபிள்யூ, எக்ஸ், ஒய் நான்கும் எவர் வாயிலும் குழம்பாது. தேர்ந்த எழுத்தைக் கொடுத்த பிறகு லைட்ரூமின் மேல்நிலை ஃபோல்டரில் வலது கிளிக், ‘ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர்’ மூலம் ஒருமுறை புதிய இடத்தைக் காட்டிவிட்டால் போதும். கூடவே ஒவ்வொரு டிஸ்குக்கும் ‘கல்யாணம் 2024 அ’ போல ஒரு பெயர் கொடுத்து, அதே பெயரை ஸ்டிக்கரில் எழுதி மேலே ஒட்டுங்கள். எழுத்து இந்தக் கம்ப்யூட்டரோடு நின்றுவிடும். பெயர் டிஸ்கிலேயே எழுதப்படுவதால் பாறசாலைக்கும் கூடவே போகும்.

கேள்வி: ஏலக்காய் வியாபாரம். டேலி கணக்கு இருந்த 500 ஜிபி ஹார்டு டிஸ்கை 512 ஜிபி எஸ்எஸ்டிக்கு குளோன் செய்து கொடுத்தார்கள். வேகம் நன்றாக இருக்கிறது. பழைய டிஸ்கும் உள்ளேதான் இருக்கிறது, ஆனால் மை கம்ப்யூட்டரில் வரவில்லை. டிஸ்க் மேனேஜ்மென்டில் ‘ஆஃப்லைன்’ என்று சிவப்புக் குறி. டிஸ்க் கெட்டுவிட்டதா?
– வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: கெடவில்லை. குளோன் என்றால் கையொப்பம் உட்பட அச்சு அசலான நகல். ஒரே கையொப்பத்தோடு இரண்டு டிஸ்க் ஒரே நேரத்தில் இருந்தால் எது எது என்று விண்டோஸுக்குத் தெரியாது, எனவே ஒன்றை ஆஃப்லைனில் நிறுத்திவைக்கிறது. ‘ஆஃப்லைன்’ மேல் சுட்டியை வைத்துப் பாருங்கள், ‘சிக்னேச்சர் கொலிஷன்’ என்று காரணம் வரும்.

இடப்பக்கம் உள்ள டிஸ்க் பெயரில் வலது கிளிக் செய்து ‘ஆன்லைன்’ கொடுத்தால் உடனே வந்துவிடும். ஆனால் அந்த நொடியில் விண்டோஸ் அந்தப் பழைய டிஸ்கில் புதுக் கையொப்பம் எழுதுகிறது. அதன் பூட் குறிப்பு (விண்டோஸை எழுப்பும் தகவல்) பழைய கையொப்பத்தைத்தான் தேடும், ஆகவே நாளை எஸ்எஸ்டி பழுதானால் பழைய டிஸ்கிலிருந்து நேரடியாக விண்டோஸ் எழாது. பூட்டைப் பழுதுபார்க்க வேண்டியிருக்கும். உங்கள் நிலையில் நாங்கள் சொல்வது இதுதான்: இப்போது ஆன்லைன் கொடுக்காதீர்கள். கம்ப்யூட்டரை அணைத்து, பழைய டிஸ்கின் சாட்டா கேபிளையும் பவர் கேபிளையும் கழற்றி, குறைந்தது இரண்டு வாரம் தனியே எடுத்துவையுங்கள். புது எஸ்எஸ்டி தடங்கலில்லாமல் ஓடுகிறது என்று தெரிந்த பிறகு மாட்டி, ஆன்லைன் கொடுத்து, பேக்கப்புக்குப் பயன்படுத்துங்கள்.

அந்த நாள் வரும்போது இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று காத்திருக்கிறது. பழைய டிஸ்கிலும் டேலி டேட்டா ஃபோல்டர் முழுமையாக இருக்கும். எழுத்து மாறிய ஏதோ ஒரு நாளில் டேலியில் டேட்டா இருக்கும் இடத்தை நீங்களே பழைய டிஸ்கான ‘டி’ என்று காட்டிவிட்டால், ஏல வரவுகள் எல்லாம் பழைய கணக்கில் ஏறும். கம்பெனிப் பெயரும் உள்ளே இருக்கும் லெட்ஜரும் ஒன்றுபோலவே இருப்பதால் நாட்கணக்கில் தெரியாது. பழைய டிஸ்க் ஆன்லைன் வந்த உடனேயே அதிலுள்ள டேட்டா ஃபோல்டரின் பெயரை ‘பழையது தொடாதே’ என்று மாற்றிவிடுங்கள். டேலியின் ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்பில் ‘டேட்டா=’ என்று தொடங்கும் வரி எந்த டிரைவைக் காட்டுகிறது என்பதையும் நோட்பேடில் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தறிக் கூடத்தில் அலுவலகக் கம்ப்யூட்டர். பென் டிரைவ் செருகினால் ‘டிங்’ சத்தம் வருகிறது, டிரைவ் தெரிவதில்லை. வேறு கம்ப்யூட்டரில் நன்றாக வருகிறது.
– வாசகர், நகரி

பதில்: இன்னொரு கம்ப்யூட்டரின் ஃபோல்டரை ‘எஃப்’ அல்லது ‘ஜி’ என்று நெட்வொர்க் டிரைவாக இணைத்திருக்கிறீர்களா? நெட்வொர்க் டிரைவ் உள்நுழைந்த பயனருக்கு மட்டும் உரியது. பென் டிரைவுக்கு எழுத்து ஒதுக்கும் பகுதிக்கு அது கண்ணில் படாமல் போகலாம். அப்போது அதே எழுத்தையே பென் டிரைவுக்கும் கொடுத்து, பென் டிரைவ் நெட்வொர்க் டிரைவுக்குப் பின்னால் மறைந்துவிடும். நெட்வொர்க் டிரைவைத் துண்டித்து ‘இசட்’ என்று மறுபடி இணையுங்கள். நெட்வொர்க் இணைப்புகளை எப்போதும் இசட்டிலிருந்து கீழ்நோக்கி வைப்பது நல்ல பழக்கம்.

கேள்வி: எந்த டிஸ்கைச் செருகினாலும் எழுத்தே வருவதில்லை. ஒவ்வொரு முறையும் டிஸ்க் மேனேஜ்மென்ட் போய் நானே கொடுக்க வேண்டியிருக்கிறது.
– வாசகர், பள்ளிப்பட்டு

பதில்: எல்லா டிஸ்குக்கும் இப்படி என்றால் ‘ஆட்டோமவுண்ட்’ (செருகும் டிஸ்குக்குத் தானாக எழுத்துக் கொடுக்கும் வசதி) அணைந்திருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டை ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ ஆகத் திறந்து, ‘டிஸ்க்பார்ட்’ (விண்டோஸின் டிஸ்க் கட்டளைக் கருவி), எண்டர். ‘ஆட்டோமவுண்ட் எனேபிள்’, எண்டர். பிறகு ஒரு ரீஸ்டார்ட். ஒரு குறிப்பிட்ட டிஸ்குக்கு மட்டும் என்றால் டிஸ்க்பார்ட்டில் ‘லிஸ்ட் வால்யூம்’ கொடுத்து, அதன் எண் 3 என்றால் ‘செலக்ட் வால்யூம் 3’, பின் ‘ஆட்ரிபியூட்ஸ் வால்யூம்’. ‘நோ டிஃபால்ட் டிரைவ் லெட்டர்: யெஸ்’ என்று வந்தால் அதுதான் காரணம். ‘ஆட்ரிபியூட்ஸ் வால்யூம் கிளியர் நோடிஃபால்ட்டிரைவ்லெட்டர்’ (கடைசிச் சொல்லை இடைவெளி இல்லாமல்) அடித்து நீக்குங்கள்.

கேள்வி: டிடிபி சென்டர். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு 450 எம்பி அளவில் ‘இ’ என்று ஒரு புது டிரைவ் வந்து, இடம் போதவில்லை என்று சிவப்பில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அழித்துவிடலாமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: அழிக்க வேண்டாம். அது விண்டோஸின் ரெக்கவரி பார்ட்டிஷன், நாளை கம்ப்யூட்டர் எழாவிட்டால் பழுதுபார்க்கும் கருவிகள் அதில்தான் இருக்கின்றன. எழுத்தில்லாமல் மறைந்திருக்க வேண்டியதற்கு அப்டேட் தவறுதலாக எழுத்துக் கொடுத்துவிட்டது. 2018 ஏப்ரல் விண்டோஸ் 10 அப்டேட்டின்போது பலருக்கும் இது நடந்தது. டிஸ்க் மேனேஜ்மென்டில் இதற்கு வலது கிளிக் செய்தால் பெரும்பாலும் ‘ஹெல்ப்’ மட்டும்தான் வரும், எனவே டிஸ்க்பார்ட்: ‘லிஸ்ட் வால்யூம்’, 450 எம்பி காட்டும் வரியின் எண்ணைக் குறித்து ‘செலக்ட் வால்யூம்’, பின் ‘ரிமூவ் லெட்டர்=இ’. அவ்வளவுதான். டிஸ்க்பார்ட்டுக்குள் இருக்கும்போது ‘கிளீன்’ என்ற சொல்லை மட்டும் அடிக்காதீர்கள். சுத்தம் செய்வதுபோல ஒலித்தாலும், தேர்ந்த டிஸ்கின் பார்ட்டிஷன் அட்டவணை முழுவதையும் அது கேள்வி கேட்காமல் துடைத்துவிடும்.

கேள்வி: பழக்கடையின் சிசிடிவி ரெக்கார்டரிலிருந்து ஹார்டு டிஸ்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். எழுத்து வரவில்லை. ‘இனிஷியலைஸ் டிஸ்க்’ என்று கேட்கிறது. கொடுக்கலாமா? ஒரு திருட்டுக் காட்சி அதில் இருக்கிறது.
– வாசகர், செங்கோட்டை

பதில்: கொடுக்கவே கூடாது. பல ரெக்கார்டர்கள் விண்டோஸுக்குத் தெரியாத தங்கள் சொந்த முறையில் டிஸ்கில் எழுதுகின்றன. விண்டோஸ் அதைக் காலி டிஸ்க் என்று நினைத்து அதன் தலைப்பகுதியில் புதிய அட்டவணை எழுதக் கேட்கிறது. கேன்சல் செய்து, டிஸ்கைத் திரும்ப ரெக்கார்டரிலேயே மாட்டுங்கள். ரெக்கார்டர் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும் என்பதால் தாமதிக்க வேண்டாம்: இயக்கியவுடன் ‘ரெக்கார்ட்’ அமைப்பில் பதிவை நிறுத்திவைத்துவிட்டு, ‘பேக்கப்’ அல்லது ‘எக்ஸ்போர்ட்’ மெனுவில் நாளும் நேரமும் கொடுத்துப் பென் டிரைவில் எடுங்கள். பென் டிரைவ் ஃபேட்32 என்ற ஃபார்மேட் முறையில் இருக்கட்டும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, ஆகவே அரை மணி நேரத் துண்டுகளாக எடுங்கள்.

கேள்வி: பழைய 1 டிபி டிஸ்க் மாட்டியிருந்தபடியே புது என்விஎம்இ எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11 போட்டேன். பழைய டிஸ்கைக் கழற்றியதும் கம்ப்யூட்டர் எழவில்லை, திரும்ப மாட்டினால் எழுகிறது. ரிப்பேர் திரையில் சி டிரைவைப் பார்த்தால் அங்கே விண்டோஸ் ஃபோல்டரே இல்லை!
– வாசகர், சித்தூர், ஆந்திரா

பதில்: இதில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. முதலாவது: பழைய டிஸ்கில் ஏற்கெனவே ஒரு இஎஃப்ஐ பூட் பார்ட்டிஷன் (விண்டோஸை எழுப்பும் கோப்புகளுக்கான பகுதி) இருந்ததால், விண்டோஸ் இன்ஸ்டாலர் பூட் கோப்புகளை அங்கேயே போட்டுவிட்டது. விண்டோஸ் புது எஸ்எஸ்டியில், சாவி பழைய டிஸ்கில். விண்டோஸ் போடும்போது மற்ற டிஸ்குகளின் கேபிளைக் கழற்றிவைக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

இரண்டாவது: ரிப்பேர் திரை தனி விண்டோஸ். அதற்கு உங்கள் ரிஜிஸ்ட்ரி தெரியாது, தன் போக்கில் எழுத்துக் கொடுக்கும். அங்கே உங்கள் விண்டோஸ் ‘டி’ ஆகவோ ‘இ’ ஆகவோ இருக்கலாம். ‘எக்ஸ்’ என்பது ரிப்பேர் திரை தானே பயன்படுத்தும் தற்காலிக டிரைவ். இது தெரியாமல் ‘செக்டிஸ்க் சி’ கொடுத்து வேறு டிஸ்கைத் திருத்துகிறவர்கள் அதிகம்.

சாவியைப் புது வீட்டுக்கு மாற்றுவோம். முன்னதாக, பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் 48 இலக்க ரெக்கவரி கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முக்கியக் கோப்புகளையும் நகலெடுத்துவிடுங்கள். பின் பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டு, விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவை யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் பூட் செய்து, முதல் திரையிலேயே ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்துங்கள்.

‘டிஸ்க்பார்ட்’, ‘லிஸ்ட் டிஸ்க்’. எஸ்எஸ்டி வரியில் ஜிபிடி என்ற தலைப்பின் கீழ் நட்சத்திரக் குறி இருக்கிறதா? இருந்தால் தொடருங்கள். இல்லையென்றால் அது எம்பிஆர் டிஸ்க். இந்த வழி பொருந்தாது, நிறுத்திவிடுங்கள். அடுத்து ‘லிஸ்ட் வால்யூம்’. அளவை வைத்து விண்டோஸ் உள்ள வால்யூமைக் கண்டுபிடித்து எண்ணையும் எழுத்தையும் குறியுங்கள். எண் 1, எழுத்து டி என்று கொள்வோம். எஸ்எஸ்டி டிஸ்க் 0. ‘செலக்ட் வால்யூம் 1’. ‘ஷ்ரிங்க் டிசையர்ட்=300’, இது கடைசியில் 300 எம்பி இடம் ஒதுக்கும். ‘செலக்ட் டிஸ்க் 0’. ‘கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ சைஸ்=260’. ‘ஃபார்மேட் குயிக் எஃப்எஸ்=ஃபேட்32’; இங்கே ஃபார்மேட் ஆவது நீங்கள் இப்போது உருவாக்கிய 260 எம்பி மட்டும், ஆனால் முந்தைய வரி பிழை காட்டியிருந்தால் இதை அடிக்கக் கூடாது. ‘அசைன் லெட்டர்=எஸ்’. ‘எக்ஸிட்’.

கடைசியாக ‘பிசிடிபூட் டி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யுஇஎஃப்ஐ’. பூட் கோப்புகள் உருவாக்கப்பட்டதாகச் செய்தி வர வேண்டும். பென் டிரைவை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்து, பயாஸ் (கம்ப்யூட்டரின் தொடக்க அமைப்பு) திரையில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ எஸ்எஸ்டியைக் காட்டுகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் எழுந்ததும் அது மறுபடி சி என்றே வரும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். பழைய டிஸ்கைத் திரும்ப மாட்டும்போது, அல்லது இரண்டாவது எம்.2 எஸ்எஸ்டி (மதர்போர்டில் நேரடியாகச் செருகும் வகை) சேர்க்கும்போது, ஏதாவது ஒரு சாட்டா டிஸ்க் எழுத்தோடு சேர்ந்து முற்றிலும் காணாமல் போனால் விண்டோஸில் தேடாதீர்கள். பல மதர்போர்டுகளில் எம்.2 இடத்தில் கார்டு செருகினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் தானாக அணைந்துவிடும். எந்த போர்ட் என்று மதர்போர்டு கையேட்டில் இருக்கும். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் தீர்ந்தது. டிஸ்க் மேனேஜ்மென்டில் டிஸ்க் தெரிந்து எழுத்து மட்டும் இல்லையா, அல்லது டிஸ்கே தெரியவில்லையா என்பதை முதலில் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கேள்வி: தமிழ்வழிப் பள்ளியில் கணினி ஆய்வகம். கேரளப் பள்ளிகளுக்கான கைட் லினக்ஸ் போட்டிருக்கிறோம். பாடக் காணொளிகள் உள்ள இரண்டாவது டிஸ்க் ஒரு நாள் ‘எஸ்டிபி’, இன்னொரு நாள் ‘எஸ்டிசி’ என்று வருகிறது. விண்டோஸ்போல எழுத்தைப் பிடித்துவைக்க முடியாதா?
– ஆசிரியர், தேவிகுளம்

பதில்: லினக்ஸில் எழுத்தைப் பிடித்துவைக்க வேண்டியதே இல்லை. கைட் லினக்ஸ் உபுண்டுவை அடித்தளமாகக் கொண்டது. எஸ்டிஏ, எஸ்டிபி என்பதெல்லாம் டிஸ்க் கண்ணில் பட்ட வரிசை மட்டுமே. ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் மாறாத யுயுஐடி எண் உண்டு, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘டிஸ்க்ஸ்’ செயலியைத் திறந்து, பார்ட்டிஷனைத் தேர்ந்து, பற்சக்கரக் குறியில் ‘எடிட் மவுண்ட் ஆப்ஷன்ஸ்’ போங்கள். ‘யூசர் செஷன் டிஃபால்ட்ஸ்’ என்பதை அணைத்து, ‘ஐடென்டிஃபை அஸ்’ பட்டியலில் யுயுஐடி உள்ள வரியைத் தேருங்கள். மவுண்ட் பாயின்ட்டுக்கு (டிஸ்க் திறக்கும் ஃபோல்டர்) ‘/எம்என்டி/பாடம்’ போல ஒரு இடம். விருப்பங்கள் வரியில் ‘நோஃபெயில்’ இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது இல்லாமல், கேபிள் தளர்ந்து டிஸ்க் கிடைக்காத நாளில், கம்ப்யூட்டர் ஒன்றரை நிமிடம் காத்திருந்து ‘எமர்ஜென்சி மோட்’ கறுப்புத் திரையில் நின்றுவிடும். முதல் பாடவேளை போய்விடும்.

அந்த டிஸ்கை வீட்டில் விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் மாட்டுவீர்கள் என்றால், அங்கே ‘பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப்’ என்று அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் பிராம்ப்டில் கொடுத்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அது இயங்கும்போது விண்டோஸ் ஷட் டவுன் ஆனாலும் டிஸ்கை முழுதாகக் கைவிடுவதில்லை. அந்த நிலையில் கழற்றி வந்தால் லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் அனுமதிக்கும், மாணவர்களின் வேலையைச் சேமிக்க விடாது.